1891 ஞானஸ்நானப் பதிவில் ஊர்ப்பெயர் பாதிதான் இருக்கிறது. இது எந்த ஊர்?

ஏடுபுரட்டி:
வணக்கம். என் பூட்டனின் ஞானஸ்நானப் பதிவு 1891-ஆம் வருட ஏட்டில் கிடைத்தது. திருநெல்வேலிக் கடற்கரையில் உள்ள ஒரு பங்கு, அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோவில் வட்டாரம். எல்லாம் லத்தீன். பெயர், அப்பா அம்மா பெயர் தெளிவாக இருக்கின்றன, ஊரில்தான் மாட்டிக்கொண்டேன். 'எக்ஸ் பாகோ' (இந்த ஊரிலிருந்து) என்று எழுதி, அடுத்து சி, ஓ, யு, டி என்று நாலே எழுத்து. பக்கத்தில் கொஞ்சம் உயரத்தில் ஏதோ கீறல். ஞானத்தகப்பன் பெயருக்குப் பின்னால் 'ப்ரோம். கொமோர்.' என்று இருக்கிறது. அது ஊரா, அவருடைய இன்னொரு பெயரா தெரியவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாரும் 'நாம கூடுதாழைக்காரங்க' என்றுதான் சொல்வார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாமா? படம் எடுக்க அனுமதி இல்லை, பார்த்து எழுதி வந்ததுதான். மறுபடி போய்ப் பார்க்க முடியும்.

மேப்புப்பிரியன்:
கூகுள் மேப்பில் 'கூட்' என்று அடித்துப் பாருங்களேன்.

முத்துக்குளித்துறை:
அடித்தால் ஒரு ஊர்வலமே வரும் தம்பி. மேற்கே கூட்டப்புளி, கொஞ்சம் உள்ளே கூடங்குளம், இடிந்தகரைக்குக் கிழக்கே கூத்தன்குழி, உவரிப் பக்கம் கூட்டப்பனை, உவரி தாண்டினால் கூடுதாழை. ஒரே கடற்கரையில் இத்தனை 'கூ'.

ஏடுபுரட்டி, அந்தக் காலத்தில் மதுரை மிஷனில் இருந்த சேசுசபைச் சாமியார்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். 'ஊ' ஒலிக்கு ஓ-வையும் யு-வையும் சேர்த்துப் போடுவார்கள். குளம் என்பதில் வரும் 'கு'-வைக்கூட அப்படித்தான் எழுதுவார்கள். நீங்கள் பார்த்தது குறுக்குக்கோடு போட்ட டி-யா (T), வயிறு உள்ள டி-யா (D)? குறுக்குக்கோடு என்றால் அது ட்ட-வாகவும் இருக்கலாம், த்த-வாகவும் இருக்கலாம். கூடங்குளத்திலும் கூடுதாழையிலும் ஒற்றை ட. அதை வெள்ளைக்காரக் காது பெரும்பாலும் வயிறு உள்ள டி-யாகத்தான் எழுதும். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஆனால் கூடுதாழை என்று இப்போதே எழுதிவிடாதீர்கள்.

'ப்ரோம். கொமோர்.' ஆள்பெயர் இல்லை. ப்ரோமொன்தோரியும் என்றால் நிலமுனை. கொமோரின் முனை, அதாவது கன்னியாகுமரி.

லத்தீன் வாத்தியார்:
அண்ணாச்சி சொன்னது சரி. அந்தக் 'கீறல்' என்னவென்று அவசியம் பாருங்கள். சொல்லைச் சுருக்கும்போது முதல் சில எழுத்தை எழுதி, கடைசி ஒன்றிரண்டு எழுத்தைப் பொடியாக்கி மேலே தூக்கி வைப்பது பழைய கையெழுத்தில் சாதாரணம். கீறல் மாதிரி தெரிவதுதான் பாதி நேரம் ஊரின் வால்.

இன்னொன்று. ஒரு பதிவை மட்டும் தனியாகப் பார்த்து ஊர் கண்டுபிடிக்க முடியாது. சாமியார் கிளைக்கோவில் கிளைக்கோவிலாகச் சுற்றி வந்து ஞானஸ்நானம் கொடுத்த காலம் அது. அவர் நடந்த வழிதான் ஏட்டில் தேதிவாரியாக இறங்கியிருக்கும். மேலே நாலு, கீழே நாலு பதிவைத் தேதியோடும் ஊரோடும் எழுதி வாருங்கள். ஓரத்தில் கல்யாணக் குறிப்பு இருந்தால் அதையும். 1907-இல் ரோமிலிருந்து வந்த ஆணைக்குப் பிறகு, கல்யாணம் நடந்ததை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று ஆனது. 1891-இல் பிறந்தவருக்கு அது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஏடுபுரட்டி:
போய்ப் பார்த்துவிட்டேன். குறுக்குக்கோடு போட்ட டி-தான், சந்தேகமே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தக் கீறல் இரண்டு எழுத்து: எல், ஒய். ஒய்-யின் வால் கீழே உள்ள வரியைத் தொடுகிறது. அப்படியென்றால் 'ளி' அல்லது 'ழி'. கூட்டப்புளியும் ஒத்துவருகிறது, கூத்தன்குழியும் ஒத்துவருகிறது!

மேலே உள்ள பதிவு இடிந்தகரை, முந்தின நாள். கீழே உவரி, மறுநாள். ஆனால் தேதி குழப்புகிறது. மாதம் என்று '8' போட்டு 'ப்ரிஸ்' என்று இருக்கிறது. முந்தின பக்கம் செப்டம்பர். ஏடு ஆகஸ்டுக்குத் திரும்பிப் போகுமா? ஓரக் குறிப்பு ஒன்றும் இல்லை.

லத்தீன் வாத்தியார்:
திரும்பவில்லை. அது அக்டோபர். லத்தீனில் ஒக்தோ என்றால் எட்டு, 'ஒக்தோப்ரிஸ்' என்பதன் சுருக்கம். 7 போட்டிருந்தால் செப்டம்பர், 9 என்றால் நவம்பர், எக்ஸ் (ரோம எண்ணில் பத்து) என்றால் டிசம்பர். இது தெரியாமல் பலர் பிறந்த மாதத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள்.

முத்துக்குளித்துறை:
அப்புறம் என்ன, ஊர் கிடைத்துவிட்டதே. சாமியார் முதல்நாள் இடிந்தகரையில், மூன்றாம் நாள் உவரியில். கிழக்கு நோக்கிப் போகிறார். கூட்டப்புளி இடிந்தகரைக்கு மேற்கே, பெருமணலையும் தாண்டி இருக்கிறது. நடுநாளில் அங்கே போய்விட்டு மறுநாள் உவரியில் நிற்க அவருக்கு என்ன வேலை? வழியில் இருப்பது கூத்தன்குழி. கூட்டப்பனையும் அந்த வழிதான், ஆனால் அதற்கு 'ளி' வால் கிடையாது. அதே ஏட்டில் ஜனவரிப் பக்கங்களையும் ஒருமுறை பாருங்கள். வருடத் தொடக்கத்தில் ஊரை முழுசாக எழுதிவிட்டு, பிறகு சுருக்குகிற பழக்கம் சிலருக்கு உண்டு.

ஏடுபுரட்டி:
சரி, கூத்தன்குழி. ஆனால் வீட்டில் கூடுதாழை என்கிறார்களே, அது பொய்யா?

நெல்லைப்பாட்டி:
ஏன் பொய்யாகணும்? உன் பூட்டன் தலைச்சன் பிள்ளையா என்று முதலில் கேள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே. பிள்ளைக்கு உயிராபத்து என்று பயந்த காலம், பிறந்த சில நாளிலேயே அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். ஊர் அம்மாவுடையது, குடும்பம் அப்பாவுடையது.

ஏடுபுரட்டி:
தலைச்சன்தான் பாட்டி! அவருக்குப் பின் ஒரு தங்கையும் ஒரு தம்பியும் உண்டு. அப்போ அவர்கள் பதிவைக் கூடுதாழைப் பக்கம் தேடுகிறேன்.

முத்துக்குளித்துறை:
தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கடற்கரையின் சில ஊர்களில் போர்ச்சுகீசியர் ஆதரவில் இருந்த கோவாச் சாமியார்களின் கோவில் தனியாகவும் சேசுசபைக் கோவில் தனியாகவும் இருந்தன. ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் இரண்டு ஏட்டில் பிரிந்து கிடக்கலாம். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது. அதனால் பங்கில் இல்லை என்று சொன்னால் திருச்சியிலும் கேட்டுப் பாருங்கள்.