பெற்றோர் மன அழுத்தத்தை அளக்க எந்த வினாத்தாள்?

முதுகலை உளவியல் ஆய்வு. 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குள்ள மன அழுத்தத்துக்கும் பிள்ளையுடனான உறவுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறேன். அடுத்த மாதம் தரவு சேகரிக்கணும், கருவியிலேயே சிக்கி நிற்கிறேன்.

உறவை அளக்க உளவியலாளர் பியான்டாவின் 15 கேள்வி அளவுகோல் முடிவாகிவிட்டது. நெருக்கம், மோதல் இரண்டையும் தனித்தனியே தருகிறது. அழுத்தத்துக்கு முதலில் பேரன்டிங் ஸ்ட்ரெஸ் இண்டெக்ஸ் என்ற பெற்றோர் அழுத்த வினாத்தாளின் 36 கேள்விச் சுருக்க வடிவத்தை எடுத்தேன். அதன் மூன்று பிரிவுகளில் ஒன்று பெற்றோர்-பிள்ளை உறவாடலையே அளக்கிறது. ஒரே விஷயத்தை இருமுறை கேட்டுவிட்டு ‘தொடர்பு இருக்கு’ என்று சொன்ன கதையாகிவிடும். (காசு கொடுத்தும் வாங்கணும்.)

அடுத்து பெர்ரி, ஜோன்ஸ் 1995இல் வெளியிட்ட 18 கேள்வி பெற்றோர் அழுத்த அளவுகோலை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். பெற்றோராக இருப்பதில் மகிழ்ச்சியா என்ற வகைக் கேள்விகளுக்கு ஐவரும் ‘முழுச் சம்மதம்’. வேறென்ன சொல்வார்கள்!

இண்டெக்ஸில் பெற்றோரின் மனவேதனையை அளக்கும் 12 கேள்விப் பிரிவை மட்டும் தனியே பயன்படுத்தினால் ஆய்வுக்குழு ஏற்குமா?