பிராம்ப்டனில் பர்னிஷ்டு பேஸ்மென்ட்: இன்னைக்கே பணம் அனுப்பணுமா?

(பேசுறவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர் பேர் போட்டிருக்கு.)

தக்கலை: தம்பி கனடா போயிட்டான். பிராம்ப்டன்ல ஒரு பேஸ்மென்ட், அதாவது வீட்டுக்குக் கீழ்த்தள வீடு, கட்டில், சோபா, பிரிட்ஜ் எல்லாம் உண்டாம். முதல் மாசம், கடைசி மாசம் போக, சாமானுக்கு 1,000 டாலர் அட்வான்ஸ் கேக்காரு ஓனர். ராத்திரிக்குள்ள அனுப்பலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். பேங்க் மூடுறதுக்குள்ள சொல்லுங்க.

குளச்சல்: பிராம்ப்டன் எதுக்கு அக்கா? டொரொண்டோ பக்கம் ஸ்கார்பரோன்னா பஸ்ஸும் தமிழ்க் கடையும் பக்கத்துல.

மார்த்தாண்டம்: சாமான் இல்லாத வீடா எடுக்கச் சொல்லுங்க. பழைய கட்டிலும் மெத்தையும் மலிவா கெடைக்கும்.

கருங்கல்: பழைய மெத்தை மட்டும் வேண்டாம், மூட்டைப்பூச்சி கூடவே வரும். ஓனர் மெத்தையையும் பாக்கணும்: தையல் ஓரம், கட்டில் தலைப்பலகைக்குப் பின்னால. கருப்புப் புள்ளி இருந்தா அந்த வீடே வேண்டாம்.

குளச்சல்: வாடகை ஏறுன ஏத்தத்துல நம்மாளே நம்மாள்கிட்ட கறக்கான். கேக்க ஆளில்ல.

நாகர்கோவில்: அதைப் பிறகு பேசலாம். தக்கலை அக்கா, ரெண்டு விஷயம் நீங்க சொல்லல. தம்பி வீட்டை நேர்ல பாத்தாரா? கிச்சனோ பாத்ரூமோ ஓனரோட பொதுவா? பொதுன்னா, பிராம்ப்டன் இருக்குற ஒன்டாரியோ மாகாணத்தோட வாடகைச் சட்டம் பொருந்தாது.

தக்கலை: ரெண்டும் தனி. வீடியோல தான் பாத்தான்.

நாகர்கோவில்: அப்போ இன்னைக்கு அனுப்பாதீங்க. அந்தச் சட்டப்படி கடைசி மாச வாடகையும், திருப்பித் தர்ற சாவிப் பணமும் தவிர வேற டெபாசிட் வாங்கக் கூடாது. சாமான் உடையும்னு 1,000 கேக்குறது செல்லாது. நம்ம ஊர் அட்வான்ஸ் கணக்கு அங்க கிடையாது. கடைசி மாசப் பணத்துக்கு ஓனர் வருஷா வருஷம் வட்டியும் தரணும்.

நாளைக்குத் தம்பி நேர்ல போகட்டும். படுக்கையறையில ஆள் வெளியேறுற அளவு ஜன்னல் உண்டா, புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேலை செய்யுதான்னு பாக்கணும். ஹீட்டிங் யார் கையில இருக்குன்னு கேக்கணும். செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைஞ்சது 20 டிகிரி இருக்கணும், பேஸ்மென்ட்ல இதுதான் அதிகம் தகராறு.

ஒப்பந்தம் ஒன்டாரியோ அரசோட ஸ்டாண்டர்ட் லீஸ்ங்கிற வாடகை ஒப்பந்தப் படிவத்துல தான் போடணும். சாமான் பட்டியலைத் தனித்தாள்ல எழுதி, சோபா கிழிசல், மேசைக் கீறல் வரை போட்டோ எடுத்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். போகும்போது வர்ற சண்டைக்கு அதுதான் சாட்சி.

பணத்தை ஓனருக்கு நேரா அனுப்பாம தம்பி கணக்குக்குப் போடுங்க. பேங்க்ல பான் கார்டும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புற ஏ2 படிவமும் கேப்பாங்க. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தம்பி ஓனர்கிட்ட குடுத்து ரசீது வாங்கட்டும். இன்டராக்ல, அதாவது கனடா பேங்க்ல ஆன்லைன்ல பணம் அனுப்புற வழியில, ஆட்டோ டெபாசிட்டா நேரா அவர் கணக்குல ஏறிட்டா நிறுத்த முடியாது.

தக்கலை: சரிப்பா, என் தம்பியை இப்பவே கூப்பிடுறேன்.