பழுதான 24 அடி பாய்மரப் படகு: சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாங்கலாமா?

பாரூர் ஏரிக்கரை:
வணக்கம். நாங்கள் கிருஷ்ணகிரி. புதுச்சேரியில் ஒரு 24 அடி ஃபைபர் பாய்மரப் படகு விலைக்கு வந்திருக்கிறது. இரும்புக் கீல் (படகின் அடியில் நீண்டு நிற்கும் கனத்த துடுப்பு), அலுமினியப் பாய்மரம், இரண்டு பாய், 6 ஹெச்.பி. அவுட்போர்டு எஞ்சின். ஆறு வருடமாகக் கரையில்தான் நிற்கிறது. 2.8 லட்சம் கேட்கிறார்கள். மேல்தளத்தில் பாய்மரத்தைச் சுற்றி நடந்தால் லேசாக அமுங்குகிறது. பிள்ளைகளுக்கு 7 வயது, 4 வயது. எனக்கும் மனைவிக்கும் டிங்கி (சிறிய பாய்ப்படகு) ஓட்டத் தெரியும். வெல்டிங், மரவேலை வரும், ஃபைபர் வேலை வராது.

லாரியில் ஏற்றி வீட்டுப் பக்கம் கொண்டுவந்து, வேலையை முடித்து, கே.ஆர்.பி. அணையில் விடலாம் என்பது எண்ணம். எதைப் பார்த்து முடிவு எடுக்கலாம்?

கீல் போல்ட்:
விலையை விடுங்க. அந்தப் படகில் பணத்தை விழுங்குகிற இடங்கள் மூன்று: கீல், மேல்தளம், ரிக்கிங் (பாய்மரத்தை இழுத்து நிறுத்தும் கம்பிகள்). மற்றதெல்லாம் வாரக் கடைசி வேலை.

முதலில் கீல். படகின் அடியும் கீலும் சேருகிற கோட்டை முன்முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். முன்பக்கம் ஒரு நூல் அளவு விரிசல் இருந்து அதிலிருந்து துருநீர் வடிந்த கறை தெரிந்தால், உள்ளே போல்ட் அரிக்கத் தொடங்கியிருக்கலாம். உள்ளே பில்ஜில் (படகின் அடிக்குழியில்) நட்டுகளைச் சுரண்டிப் பாருங்கள். நட்டு நன்றாக இருப்பதை வைத்து போல்ட் நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். போல்ட் மெலிவது நட்டுக்குக் கீழே, நீர் தேங்குகிற மூட்டில். கீலை இறக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அத்தனை போல்ட்டும் மாற்றுகிற செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மேல்தளம்: இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டங்’ என்று கேட்கும், ஊறிய இடம் ‘தொப்’ என்று அடங்கும். ‘தொப்’ வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, மொத்தம் எத்தனை சதுர மீட்டர் என்று கணக்குப் போடுங்கள். ஸ்டான்ஷன் (கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் குத்துக்கால்) அடி, பாய்மரத்தின் அடி, ஜன்னல் ஓரம் இந்த மூன்று இடங்களில்தான் திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும்.

ரிக்கிங்: பஞ்சை எடுத்து ஒவ்வொரு கம்பியிலும் மேலிருந்து கீழே உருவுங்கள். பஞ்சு மாட்டினால் அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது. கம்பி முனையில் அழுத்திய ஸ்வேஜில் (உலோகக் குழலில்) மயிரிழை விரிசலோ பழுப்புக் கறையோ இருந்தால் அந்தக் கம்பி வேண்டாம். உப்புக்காற்றில் 10-12 வருடம் நின்ற கம்பியைப் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதே சரி. கம்பி கட்டும் செயின்பிளேட் தளத்துக்குள் மறைந்திருக்கிற பகுதியில்தான் அரிக்கும். ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

பாயை விரித்துத் தையல் நூலை நகத்தால் கீறுங்கள். நூல் பொடியாக வந்தால் மறுதையல் வேண்டும். வெயில் முதலில் தின்பது துணியை அல்ல, நூலை. சுக்கானின் அடியில் 6 மி.மீ. துளை போட அனுமதி கேளுங்கள், பழுப்புத் தண்ணீர் ஒழுகினால் உள்ளே நுரை ஊறிப்போயிருக்கிறது.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து ஓட்டிவந்து இங்கே விட்டுப்போன படகா என்று கேளுங்கள். அப்படியென்றால் சுங்க வரி கட்டிய ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள்.

தென்பெண்ணை:
படகைவிடத் தண்ணீரைப் பற்றி யோசிங்க அண்ணா. கே.ஆர்.பி. அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. அது மதகுப் பக்கம். கரையோரம் சரிவு மெதுவானது, கோடையில் தண்ணீர் பின்வாங்கினால் சேறு வெகுதூரம் தெரியும். இந்த அளவுப் படகின் கீல் தண்ணீருக்குள் சுமார் 1.2 மீட்டர் நிற்கும். டிரெய்லரோடு சேர்த்து இறக்க அந்த இடத்தில் குறைந்தது 2 மீட்டர் ஆழமும் கெட்டித் தரையும் வேண்டும். இறக்கின பிறகு மட்டம் குறைந்தால் கீல் சேற்றில் குத்தி, படகு ஒருபக்கமாகச் சாயும். அணை நீர்வளத்துறையின் கையில் இருக்கிறது. எழுத்தில் அனுமதி இல்லாமல் தனியார் படகை விட முடியாது. அதை வாங்கிய பிறகு கேட்கக்கூடாது, வாங்கும் முன்பே மனு கொடுங்கள்.

தண்ணீரும் சுத்தமில்லை. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவு கெலவரப்பள்ளி அணை வழியாக வந்து சேருகிறது. நுரை பொங்குகிற நாட்களில் பிள்ளைகளைக் கையைக்கூட நனைக்க விடாதீர்கள்.

ஒகேனக்கல் கணக்கிலேயே வராது, அது பாறையும் சுழலும், பரிசலுக்கான தண்ணீர். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நம் பக்கம், ஒட்டனூர், நாகமரை, அகலமானதுதான். ஆனால் மட்டம் இறங்கினால் மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலை தலைகாட்டுகிற தண்ணீர் அது. முங்கிய கட்டடமும் கல்லும் எங்கே என்று பரிசல்காரர்களுக்குத்தான் தெரியும். ஆழமான கீலோடு அங்கே போகாதீர்கள்.

லாரி விஷயம்: திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழி நேராக வந்துவிடலாம். படகின் அகலம் 2.4 மீட்டர் சுமார் இருக்கும், பக்கப்பலகை உள்ள லாரி பாடிக்குள் இறங்காது, தட்டை லாரி பிடியுங்கள். எடை முழுவதும் கீல் மேல் உட்கார வேண்டும், பக்க முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. முட்டில் எடை ஏறினால் ஃபைபர் உள்வாங்கி விரியும். ஹைட்ரா கிரேனின் பெல்ட் ஒன்று கீலுக்கு முன்னால், ஒன்று பின்னால், சுக்கானில் படக்கூடாது. ஏற்ற ஒரு கிரேன், இறக்க ஒரு கிரேன், மறுபடி தண்ணீருக்கு ஒன்று. இந்த மூன்றும் படகு விலை போகக் கூடுதலாக வரும் செலவு.

மேட் ரெசின்:
ஃபைபர் வேலை கற்றுக்கொள்ளலாம், கஷ்டமில்லை. ஆனால் பிள்ளைகள் இருக்கிற வாசலில் வேண்டாம்.

ரெசின், கோபால்ட் ஆக்சிலரேட்டர், ஹார்டனர் மூன்றும் தனித்தனி டப்பாவில் வரும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர் ஊற்ற வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேராகக் கலந்தால் வெடிக்கும், தீப்பிடிக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே அளவுக் குப்பியையும் பயன்படுத்தாதீர்கள். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. உடனே கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி சித்திரை வெயிலில் ரெசின் டப்பாவிலேயே இறுகிவிடும். அரைக் கிலோவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காதீர்கள். அரைக் கிலோவுக்கு ஹார்டனர் 5 மில்லி, அதாவது 1 சதவீதம். சூட்டுக்குப் பயந்து அதற்கும் கீழே குறைத்தால் முழுதாகக் காயாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். காலை 6 முதல் 9 வரை வேலை, மேலே தார்ப்பாய்ப் பந்தல். மீந்த ரெசினைத் தடித்த கட்டியாக டப்பாவில் விடாதீர்கள், புகைந்து எரியும்.

அடிப்பகுதியின் பழைய பெயின்ட்தான் பெரிய கவலை. பாசி பிடிக்காமல் இருக்க அதில் செம்புச் சேர்மம் போடுவார்கள், பழைய பெயின்ட்டில் அதைவிடக் கெட்டதும் இருக்கலாம். காய்ந்த சாண்ட்பேப்பர் கூடவே கூடாது, நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். 4 வயதுப் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். தூசிக்கு என்-95 போதும், ரெசின் வாடைக்கு அது போதாது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்.

பாரூர் ஏரிக்கரை:
மூவருக்கும் நன்றி. போட்டோவை வைத்துப் பார்த்தால் அமுங்குகிற இடம் ஒரு சதுர மீட்டர் இருக்கும். அது மட்டும்தான் பழுது என்றால்?

மேட் ரெசின்:
அது மட்டும் என்றால் செய்யலாம். மேல் தோலை அறுத்தெடுத்து, ஊறியதைச் சுரண்டி, இரண்டு வாரம் காயவிட்டு, 12 மி.மீ. ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்டை 10 செ.மீ. சதுரங்களாக வெட்டிப் பதியுங்கள். முழுப் பலகை தளத்தின் வளைவுக்கு மடங்காது, பிறகு ஒரு மூலையில் தண்ணீர் இறங்கினாலும் முழுவதும் ஊறும். சுற்று விளிம்பை, தோலின் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, 450 கிராம் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) இரண்டு அடுக்கு ரெசினில் ஊறவைத்து ஒட்டுங்கள். பதிக்கிற பசையும் சேர்த்து ரெசின் 6 கிலோ ஆகும். புதிய போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எப்பாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பின் நடுவில் மறுபடி துளையுங்கள். இதைச் செய்யாமல் விட்டதால்தான் முதலில் ஊறியதே.

பாய்மரத்தைத் தாங்கும் தூணின் அடியும் ஊறியிருந்தால் கதை வேறு. அறைக்குள் இறங்கி அதன் அடியைத் தட்டிப் பாருங்கள்.

கீல் போல்ட்:
என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். கீலும் தூணடியும் நன்றாக இருந்தாலும், அணை அனுமதி கையில் வராதவரை இந்தப் படகு வேண்டாம். புதுச்சேரியிலேயே வைத்துக்கொண்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு கட்டுக்கயிறு பார்க்க முடியாது.

நீங்கள் இருவரும் டிங்கி பழகியவர்கள். என்டர்பிரைஸ் வகை டிங்கி ஒன்று பழையதாகத் தேடுங்கள். 4 மீட்டர் நீளம், வெற்றுப் படகு 100 கிலோவுக்குள், கீலுக்குப் பதிலாக உள்ள மையப்பலகையை மேலே தூக்கினால் முழங்கால் தண்ணீர் போதும். சிறு டிரெய்லரில் காருக்குப் பின்னாலேயே வரும், அதே தட்டும் சோதனை, அதே ரெசின் வேலை, பத்தில் ஒரு பங்கு அளவில். பெரியவளுக்கு இன்னும் ஒரு வருடத்தில் ஆப்டிமிஸ்ட் பொருந்தும். 2.3 மீட்டர், 35 கிலோ, பிள்ளைகளுக்காகவே வரைந்த படகு, சென்னையில் பயிற்சியும் இருக்கிறது.

எதை வாங்கினாலும் லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக, கால்களுக்கு நடுவே பட்டை உள்ளதாக இருக்கட்டும். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்குங்கள், காதுவரை ஏறினால் அந்த அளவு சரியில்லை.

பாரூர் ஏரிக்கரை:
மகள் இல்லைங்க, பெரியவன் பையன். திங்கட்கிழமை நீர்வளத்துறை அலுவலகத்தில் மனு கொடுக்கிறேன். விற்பவரிடம் தூணடியை மட்டும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முன்பணம் கொடுக்கவில்லை.