ராபமைசின் பூஞ்சையின் கொடையா? காளான் பொடி விற்பவருக்கு ஒரு மறுப்பு

தஞ்சை மருந்தாளுநர்:
ராபமைசின் என்னும் மருந்து பூஞ்சைகளின் கொடை என்றும், அது உயிரணுக்களில் தேங்கிய பழுதான புரதங்களை அகற்றி முதுமையைத் தள்ளிப்போடும் என்றும், ஆகவே தாம் விற்கும் காளான் பொடியை நாள்தோறும் பாலில் கலந்து அருந்த வேண்டும் என்றும் நண்பர் 'இயற்கைவழி' நேற்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் மிஞ்சியது. 1964ஆம் ஆண்டு கனடிய ஆய்வுக் குழுவினர் ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியாவே அதைச் சுரக்கிறது. பாக்டீரியா, ஐயா. பூஞ்சை இனமான காளானில் அது கிடையாது.

இயற்கைவழி:
வணக்கம். தங்கள் எரிச்சலுக்கு என்னிடம் பொடி இல்லை. இழை இழையாகப் படர்ந்து மண்ணில் வளரும் அந்த உயிரினத்தைப் பூஞ்சையோடு சேர்த்து எண்ணிய காலமும் உண்டு. ராபமைசின் அடக்கும், உயிரணுவின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் டார் புரதத்தை 1991இல் கண்டறிந்ததே ரொட்டி ஈஸ்ட்டில்தான். ஈஸ்ட் பூஞ்சையா, இல்லையா? 2009இல், 600 நாள் வயதான சுண்டெலிகளுக்கு ராபமைசினைக் கொடுத்தபோதும் அவற்றின் ஆயுள் கூடியதே!

தஞ்சை மருந்தாளுநர்:
ஈஸ்ட்டில் சோதித்ததால் அது ஈஸ்ட்டின் கொடை ஆகுமென்றால், சுண்டெலியில் சோதித்ததால் சுண்டெலியின் கொடை என்றும் அச்சிடுங்கள். அப்பொருள் முதலில் கவனம் பெற்றதே பூஞ்சைகளை அழிக்கும் மருந்தாகத்தான். 1999இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்ததும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதபடி நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து என்ற முறையில்தானே ஒழிய, பாலில் கலக்கும் சத்து மாவாக அன்று. மீண்டும் சொல்கிறேன்: பாக்டீரியா.

அமுதினி:
பழுதான புரதங்களை அகற்றுவது என்று இங்கே எதைக் குறிக்கிறீர்கள்? யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம் அடையாளமாக ஒட்டிய புரதங்களை, உயிரணுவின் புரதம் நறுக்கும் அமைப்பான புரோட்டியசோம் துண்டாக்குவது ஒரு வழி. உயிரணுவின் பகுதிகளைச் சவ்வால் பொதிந்து, உயிரணுவின் செரிமானப் பையான லைசோசோமுக்கு அனுப்பிச் செரிக்கும் தன்னுண்ணல் மற்றொரு வழி. ராபமைசின் முதன்மையாகத் தூண்டுவது இரண்டாவதை. பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து கிடைக்கும் வோர்ட்மானினோ அதே தன்னுண்ணலைத் தடுக்கிறது. பூஞ்சைப் பொருள் என்றாலே இளமை என்பது எப்படிப் பொருந்தும்?

இயற்கைவழி:
அம்மையார் வகுப்பெடுக்க வந்துவிட்டார். சரி, ராபமைசினை விடுவோம், ஸ்பெர்மிடின் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. காளானில் உள்ள அதுவும் தன்னுண்ணலைத் தூண்டி ஈஸ்ட், புழு, ஈ ஆகியவற்றின் ஆயுளை நீட்டியதாக 2009இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதையும் பாக்டீரியா என்பாரா மருந்தாளுநர்?

தஞ்சை மருந்தாளுநர்:
ராபமைசினை விடுவதற்கு நான் இசையவில்லை. பூஞ்சை என்று எழுதியது தாங்கள். அதற்கு விடை சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். ஸ்பெர்மிடின் கோதுமை முளையிலும் சோயாவிலும் உண்டு. பெர்லினில் 100 முதியோரைக் கொண்டு, கோதுமை முளைச் சாற்றை 12 மாதம் சிலருக்கும் வெற்று மாத்திரையை மற்றவர்களுக்கும் கொடுத்து நடத்திய ஆய்வில், நினைவாற்றலில் வேறுபாடு தென்படவில்லை என்று 2022இல் வெளியிட்டார்கள்.

கடலோடி:
முன்பு இங்கே நடந்த தேன் விவாதத்தின்போதும் மருந்தாளுநர் இப்படித்தான் ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினார். அப்போது நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை விடையில்லை.

தஞ்சை மருந்தாளுநர்:
தேனைப் பற்றி வேண்டிய அளவு எழுதிவிட்டேன். தாங்கள் படிக்கவில்லையென்றால் அதற்கு நான் பொறுப்பல்ல. இங்கே கேள்வி ஒன்றுதான்: ராபமைசினைச் சுரப்பது எது?

அமுதினி:
என் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

இயற்கைவழி:
இருக்கிற புட்டிகளில் 'பூஞ்சையின் கொடை' என்று அச்சிட்டாயிற்று. அடுத்த முறை அச்சிடும்போது பார்க்கலாம். விலை சற்று ஏறும்.

தஞ்சை மருந்தாளுநர்:
விலையை யார் கேட்டது? பாக்டீரியா என்று அச்சிடுவீர்களா, மாட்டீர்களா?