உதட்டுப் பிளவு: அடுத்த குழந்தைக்கும் வருமா?

கேள்வி
எங்கள் முதல் மகன் உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் (வாயின் மேற்கூரையில் உள்ள பிளவு) பிறந்தான். அறுவை சிகிச்சைகள் முடிந்து இப்போது தெளிவாகப் பேசுகிறான். இரு குடும்பங்களிலும் வேறு யாருக்கும் இக்குறை இருந்ததில்லை. கருவுற்றது தெரியாமல் வலிப்பு நோய்க்கான டோபிரமேட் மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டேன். இன்னொரு குழந்தையைப் பற்றி யோசிக்கும் இவ்வேளையில், காரணம் மரபணுவா, மாத்திரையா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1
கர்ப்பத்தின் 4 முதல் 7 வாரங்களுக்குள் உதட்டின் பகுதிகளும், 6 முதல் 9 வாரங்களுக்குள் அண்ணத்தின் பகுதிகளும் ஒன்றுசேர்கின்றன; அவை முழுமையாகச் சேராதபோதே பிளவு உண்டாகிறது. பலருக்குக் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரியவரும். அந்நாட்களில் டோபிரமேட் உட்கொண்டால் பிளவுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆயினும் அதை உட்கொண்ட தாய்மார்களில் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகள் பிளவின்றியே பிறக்கின்றன. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். கட்டுப்படாத வலிப்பு தாய்க்கும் கருவுக்கும் ஆபத்தானது. மருந்தை மாற்றுவதானால், கருவுறுவதற்கு முன்பே நரம்பியல் மருத்துவரின் மேற்பார்வையில் மாற்ற வேண்டும்.

மறுமொழி 2
மரபணுவா, மாத்திரையா என்று பிரித்துக் கேட்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இக்குறை, பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருவதில்லை. தனித்தனியே சிறு தாக்கமே உடைய பல மரபணு வேறுபாடுகளோடு, தாயின் புகைப்பழக்கம், கருவுறுமுன்பே இருந்த நீரிழிவு, சில மருந்துகள் போன்றவை சேரும்போது வருகிறது. அவ்வகையாயின் உடன்பிறப்புக்கு வரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 5 விழுக்காடு.

ஆனால், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். ஐஆர்எஃப்6 என்னும் மரபணுவின் திடீர்மாற்றத்தால் வரும் வான்டர் வூட் நோய்க்குறித் தொகுப்பில், சிலருக்குக் கீழுதட்டில் இரு சிறு குழிகள் மட்டுமே இருக்கும், பிளவு இராது. அவர்களும் அம்மாற்றத்தைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடும். ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கு 50 விழுக்காடு வாய்ப்பு. ஆகவே மகனின் கீழுதட்டையும் உங்கள் இருவரின் கீழுதடுகளையும் கவனித்துப் பாருங்கள். குழிகள் இல்லாவிட்டாலும் மரபணு ஆலோசகரைச் சந்திப்பது நல்லது. இதயக் குறை, வளர்ச்சித் தாமதம் போன்றவை மகனுக்கு உண்டா என்றும் அவர் கேட்பார்.

மறுமொழி 3
ஃபோலிக் அமிலத்தைப் பற்றி ஒன்று. முதுகுத்தண்டுப் பிளவு போன்ற நரம்புக்குழாய்க் குறைகளை அது பெருமளவு தடுக்கிறது என்பதை 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு நிறுவியது. உதட்டுப் பிளவைப் பொறுத்தவரை அத்தகைய உறுதியான சான்று இல்லை. இருந்தும் கருவுறுமுன்பே தொடங்குங்கள். வலிப்பு மருந்து உட்கொள்வதால் உங்களுக்கு உரிய அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.