நியூஜெர்சியில் போலீஸ் மீது சிவில் உரிமை வழக்கு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். வட நியூஜெர்சியில் ஒரு சின்ன ஊர். 2024 நவம்பரில், நடைபாதையில் நின்று ஒரு கைதை போனில் வீடியோ எடுத்த என் தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கடமையைத் தடுத்தான் என்று கேஸ். ஏழு மணி நேரம் கழித்து விட்டார்கள். மணிக்கட்டில் விலங்கு பதிந்த சிவப்புத் தடம் மூன்று நாள் மறையவில்லை. 2025 மார்ச்சில் முனிசிபல் கோர்ட் கேஸைத் தள்ளுபடி செய்தது.

போலீஸை வீடியோ எடுப்பது உரிமை என்று மூன்றாவது சர்க்யூட் (இந்தப் பகுதிக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட்) 2017-லேயே பிலடெல்பியா வழக்கில் சொல்லிவிட்டது. நியூஜெர்சியில் உள்ள ஃபெடரல் கோர்ட்டுகளையும் அது கட்டுப்படுத்தும். அதனால்தான் விட மனசில்லை.

போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் அவர்களுடைய உள் பிரிவான இன்டர்னல் அஃபேர்ஸில் கொடுத்த புகாரை ஒரே பக்கக் கடிதத்தில் மூடிவிட்டார்கள். பாடி கேமரா பதிவு கேட்டு மனு போட்டோம், பாதிதான் வந்தது. மாநிலச் சட்டப்படி நஷ்டஈடு கேட்க 90 நாளுக்குள் நகரத்துக்குக் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் விஷயம் எங்களுக்குத் தெரியாமலே போச்சு. இப்போது போட நினைப்பது ஃபெடரல் 1983 பிரிவு வழக்கு, அதாவது அரசியல் சாசன உரிமையை மீறிய அதிகாரிகள் மீது போடும் வழக்கு. இங்கே அதற்குக் கெடு இரண்டு வருஷம்.

பார்த்த இரண்டு வக்கீல்களும் சொன்னது ஒன்றுதான். அதிகாரி தகுதிசார் பாதுகாப்பு (qualified immunity: மீறிய உரிமை ஏற்கெனவே தெளிவாக நிலைநாட்டப்படாதிருந்தால் அதிகாரி மீது நஷ்டஈடு கேட்க முடியாது என்ற விதி) கேட்டுத் தப்பிக்கப் பார்ப்பார். நகரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் 1978 மோனல் தீர்ப்புப்படி, நகரத்தின் கொள்கையோ வழக்கமோதான் இந்தக் கைதுக்குக் காரணம் என்று நாம் நிரூபிக்க வேண்டும்.

அந்த வழக்கத்தைக் காட்ட, வழக்குப் போடும் முன்பே, உங்கள் ஊரில் இதேபோல் கைதாகித் தள்ளுபடியான பழைய கேஸ்களின் விவரத்தை எந்த அலுவலகத்தில், எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்?