ரம்மி ஆப்பில் லிமிட் போட்டுப் பார்த்தவன் எழுதுகிறேன்

டெபாசிட் லிமிட் (ஆப்பில் போடும் பணத்துக்கு உச்சவரம்பு), தானே விலகிக்கொள்வது (ஆப்பிலேயே சொல்லி சில மாதம் நம் கணக்கைப் பூட்டிவைப்பது) இதெல்லாம் உண்மையில் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், நாலு வருஷம் ஆன்லைன் ரம்மி ஆடினேன். எவ்வளவு விட்டேன் என்று சொல்லப்போவதில்லை, மனைவியின் வளையல் நான்கும் அடகுக் கடைக்குப் போனது என்றால் போதும்.

லிமிட்டை நானேதான் வைத்தேன், மாதம் 3,000. பத்தாம் தேதியே முடிந்துபோனது. லிமிட்டை ஏற்றப் போனால் சில நாள் காத்திருக்கச் சொன்னது, சரி என்று அன்று ராத்திரியே வேறொரு ஆப்பை இறக்கினேன், நான் சேர்ந்ததற்கு அந்த ஆப்புக்காரன் போனஸ் வேறு கொடுத்தான். ஆறு மாதம் விலகி இருந்தபோதும் இதே கதைதான். தடை அந்த ஒரு ஆப்புக்கு மட்டும்தானே. தவணை முடிந்த வாரமே "சார், உங்களுக்கு ஒரு ஆஃபர்" என்று அழைப்பு வந்தது.

எனக்கு உதவியது 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த விதிதான், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்றது அது. விட்டதைப் பிடிக்கிற வெறி எனக்கு ஏறுவதே அந்த நேரத்தில்தான், வீடு தூங்கிய பிறகு. முதல் வாரம் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது, அப்புறம் தூங்கினேன். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயும் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அதே விதிப்படி ஆடும்போது அரை மணிக்கு ஒருதரம் வந்த எச்சரிக்கையை மட்டும் நான் ஒருநாளும் படித்ததில்லை, சிகரெட் அட்டைப் படம் மாதிரிதான் அது.

ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து எல்லா ஆப்பிலும் பண ஆட்டம் நின்றது. மிச்சம் இருந்த 412 ரூபாயை எடுத்துக்கொண்டேன். பத்தே நாளில் டெலிகிராமில் வெளிநாட்டு பெட்டிங் லிங்க் வந்தது. அங்கே லிமிட் கிடையாது, ஆதார் கேட்க மாட்டான், விடிகாலை 3 மணிக்கும் கடை திறந்திருக்கும். இரண்டு நாள் போனேன், மறைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் 14416-க்கு அடித்தேன், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசினார்கள். எவ்வளவு விட்டீர்கள் என்று கேட்பார்கள் என நினைத்தேன், எத்தனை மணிக்கு ஆடத் தோன்றுகிறது என்றுதான் கேட்டார் அந்தம்மா. இப்போது சம்பளம் மனைவி கணக்குக்குப் போகிறது, என் போனில் யுபிஐ இல்லை, டீக்குக்கூட சில்லறைதான். இரண்டு வளையல் மீட்டாயிற்று.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டில் உதவியது அதே தமிழ்நாட்டு விதிப்படி ரம்மி ஆப் கேட்ட ஆதார் ஓடிபிதான். வீட்டுக்காரர் ஆதாரில் என் நம்பர்தான் இருக்கிறது, அவருக்கே அது ஞாபகம் இல்லை. ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது என் போனுக்கு ஓடிபி வந்தது. எதற்கு என்று கேட்டேன், முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு வருஷமாக ஆடியிருக்கிறார். அன்று ராத்திரி நம்பரைச் சொல்லு சொல்லு என்று சண்டை, நான் போனை அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.